குருக்கள் ஜீப்பும் தீர்த்தக் குடமும்

புது வண்டி வாங்கியவன் ஊரைச் சுற்றுவான். பழைய ஜீப் வாங்கியவன் எங்கள் ஷெட்டைச் சுற்றுவான். செங்கம் ரோட்டில் இருக்கிறது எங்கள் ஷெட். பழைய ஃபோர் வீல் ஜீப்புகளைத் தூக்கிக் கட்டி, டயர் மாற்றி, பாறையும் சேறுமான மலைப்பாதையில் ஏறுகிற அளவுக்குத் தயார் செய்வது தொழில். எஞ்சின், கியர் எல்லாம் நான். வெல்டிங்கும் ஸ்பிரிங் வேலையும் என் கூட்டாளி பாஷா பாய். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் கை பட்ட ஜீப் ஏறாமல் திரும்பியதில்லை. வண்டி ஒருநாளும் எங்களைப் படுத்தாது, ஓனர்தான் படுத்துவார். பழைய ஜீப் வைத்திருக்கும் வாசகர்களுக்கு நான் சொல்வது புரியும். அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும்.

இன்னும் கொஞ்சம் உயரம்

அண்ணாமலையார் கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜ் நடத்துகிற ஒருவர் ஜீப்பைக் கொண்டுவந்து விட்டார். எவ்வளவு தூக்க வேண்டும் என்று கேட்டேன். "ஜாஸ்தி" என்றார். தூக்கினோம். வந்து பார்த்துவிட்டு "இன்னும் ஜாஸ்தி" என்றார். ரொம்ப உயர்த்தினால் வளைவில் சாயும் சார் என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். கேட்டால்தானே. சாயாமல் இருக்கிற எல்லை வரைக்கும் ஏற்றிக் கொடுத்துவிட்டு, இதற்கு மேல் போக வேண்டுமென்றால் வேறு ஷெட் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் போன். ஜீப்பின் மேல்கம்பி அவருடைய லாட்ஜ் வாசல் வளைவில் முட்டுகிறதாம், உள்ளே போகவில்லையாம். வந்தாரா வழிக்கு என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். சரி, கொண்டு வாங்க, இறக்கிடலாம் என்றேன். அதற்கு அவர் சொன்னது: "அதெல்லாம் ஒரு இன்ச்கூட கம்மி பண்ணாத. கொத்தனார வரச் சொல்லிட்டேன், ஆர்ச்ச இடிச்சுடலாம்."

ஸ்கூட்டரில் வந்த குருக்கள்

அந்த ஜீப் வெளியே போன அன்றைக்குத்தான் சுந்தரேச குருக்கள் வந்தார். அவர் வீட்டு மாமி ஸ்கூட்டர் ஓட்ட, இவர் பின்னால் ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலில் ஆபரேஷன் ஆன கால். உட்கார்ந்து பெடல் மிதிக்கலாம், மலை ஏறி நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கீழ்பென்னாத்தூரில் ஒரு மல்லாட்டை வியாபாரியிடமிருந்து பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கியிருந்தார். அது மறுநாள் வந்தது. எங்கே தட்டினாலும் நிலக்கடலைத் தோல் உதிர்ந்தது. மூட்டை சுமந்தே வாழ்ந்த வண்டி. நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற ஃபோர் வீல் கம்பியை யாரும் தொட்டதே இல்லை, துருப்பிடித்து நின்றிருந்தது.

எதற்கு சாமி உங்களுக்கு ஃபோர் வீல் என்று கேட்டேன். ஜவ்வாது மலையில் ஒரு சின்ன சிவன் கோயில். அப்பா காலத்திலிருந்து மாதாமாதம் இவர்கள் வீட்டிலிருந்துதான் பூஜைக்குப் போகிறார்கள். கடைசிக் கொஞ்ச தூரம் ரோடு கிடையாது, செங்குத்தான பாறை. இதுவரை நடந்தே ஏறினார். இப்போது கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. இங்கிருந்து தீர்த்தக் குடம் போக வேண்டும். ஊர்க்காரர்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகிறோம் என்றார்களாம். ஒரு நாள் தூக்குவார்கள், மாதாமாதம் தூக்குவார்களா என்று இவர் மறுத்துவிட்டார். மாமி ஸ்கூட்டரை விட்டு இறங்கவே இல்லை. இந்த வயதில் ஜீப்பா என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. குருக்கள் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்த வண்டி ஏறலேன்னா அந்த சுவாமிய வேற ஒருத்தர் கையில ஒப்படைக்கணும், ஏழுமலை. எனக்கு அதுக்கு மனசு வரலை."

தண்ணீர் வைத்த பரீட்சை

அதன் பிறகு அந்த ஜீப் மேல் எனக்கே ஒரு வெறி வந்துவிட்டது. கியரைப் பிரித்துக் கழுவிச் சேர்த்தேன். கிளட்சை அவர் காலுக்கு ஏற்றபடி இலகுவாக்கினேன். பவர் ஸ்டீயரிங், முன்னால் டிஸ்க் பிரேக், பாறையைக் கவ்வுகிற பெரிய பட்டன் டயர். ஸ்பிரிங் பட்டைகளை மட்டும் வழக்கம்போல் கெட்டியாகப் போட்டோம். மாமி ஏறுவதற்குப் பாஷா பாய் கேட்காமலே ஒரு படி வைத்து வெல்டிங் அடித்தார். வேலை முடிந்து நான் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கும்போது குருக்கள் ஒரு பித்தளைக் குடத்தோடு வந்து இறங்கினார். நிறையத் தண்ணீர், வாயில் மாவிலை, மேலே தேங்காய். பின் சீட்டில் மாமி அதை மடியில் வைத்துக்கொள்ள, பக்கத்து ஏரிக் கரையில் ஒரு சுற்று போய் வந்தோம். திரும்பி வரும்போது குடத்தில் பாதி, மாமி புடவையில் பாதி.

எனக்குக் கோபம் வந்தது. கேனில் ஊற்றி மூடி எடுத்துப் போகக் கூடாதா என்று கேட்டுவிட்டேன். குருக்கள் என்னை, நான் அண்ணாமலையாரையே கேனில் அடைக்கச் சொன்ன மாதிரி பார்த்தார். தீர்த்தம் குடத்தில்தான் போக வேண்டும், வழியில் சிந்தக் கூடாது, அவ்வளவுதான். பாஷா பாய் மறுபடி ஸ்பிரிங்கைப் பிரித்தார். சில பட்டைகளைக் கழற்றி, மிச்சத்தை நீளமாக்கி, மெதுவான ஷாக் அப்சார்பர் போட்டு, ஏரிக் கரைக்கும் ஷெட்டுக்கும் ஜீப்பில் குடத்தை வைத்துப் போய்ப் போய் வந்தார். மாவிலை நனையாமல் ஒரு சுற்று வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இத்தினி நாளு வண்டி ஏறுமான்னு கேட்டவங்கதான் வந்தாங்க. தண்ணி உக்காருமான்னு கேட்ட மொத ஆளு இவருதான்பா."

பின்னால் வரமாட்டேன்

சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். ஃபோர் வீல் கியரை மண்ணிலும் பாறையிலும் மட்டும் போடுங்கள், தார் ரோட்டில் போடாதீர்கள். தலையாட்டினார். நேராகக் கிரிவலப் பாதைக்குப் போனார், ஃபோர் வீலைப் போட்டார், மலையை வலம் வரப் புறப்பட்டுவிட்டார். பாதி வழியில், அடி அண்ணாமலையிலிருந்து போன் வந்தது. ஸ்டீயரிங் திரும்பவில்லை, டயர் கத்துகிறது, கியர் கம்பி அசையவில்லை. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடாது. மண்ணில் கொஞ்சம் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் முடியாது, உள்ளே முறுக்கேறி இறுகிவிடும். ஓடிப் போய், ஏன் சாமி போட்டீர்கள் என்று கேட்டால், சுவாமியைச் சுற்றிப் போகும்போது ரெண்டு சக்கரத்துக்கு மட்டும் வேலை கொடுத்து ரெண்டைச் சும்மா விடலாமா என்கிறார்.

இதற்கு வைத்தியம் எளிது. கொஞ்சம் ரிவர்ஸில் வந்தால் முறுக்கு விட்டுவிடும். ரிவர்ஸ் போடுங்க சாமி என்றேன். மாட்டேன் என்றார். கிரிவலப் பாதையில் எதிர்த்திசையில் வண்டி நகராது, அவர் உட்கார்ந்திருக்கிற வரையில் நகரவே நகராது. இறங்குங்கள், நான் எடுக்கிறேன் என்றேன். அதற்கும் மாட்டேன். டீக்கடைக்காரரிலிருந்து பூக்காரம்மா வரை எல்லோரும் அவர் பக்கம். வேறு வழியில்லாமல் ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கினேன். தரையை விட்டதும் சக்கரம் படீரென்று தானாகச் சுற்றியது, கம்பி இளகியது. வியர்த்துப்போய் எழுந்து நின்றேன். குருக்கள் உள்ளிருந்தபடியே சொன்னார்: "பாத்தியா? பின்னாடி போ, பின்னாடி போன்னியே. போகாமலே சரியாயிடுத்து."

பாறை

கும்பாபிஷேகத்துக்கு முந்தைய நாள் நானும் கூடப் போனேன். ஓட்ட நான் தயார். ஆனால் மாதாமாதம் நானா வரப்போகிறேன்? அவரே ஓட்டட்டும் என்று விட்டுவிட்டேன். மாமி பின்னால் குடத்தோடு. பாறை தொடங்கும் இடத்தில் நான் இறங்கி, முன்னால் பின்நடையாக நடந்து, இடம் வலம் என்று கை காட்டினேன். மேலே ஊர்க்காரர்கள் நாற்காலியோடு நின்றிருந்தார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. அந்த நாற்காலியைப் பார்த்ததும் குருக்கள் பதறினாரோ என்னவோ, பாதிப் பாறையில் தேவையில்லாமல் ஆக்சிலேட்டரை அழுத்தினார். டயர் வழுக்கியது. வண்டி ஒரு பக்கமாக இழுத்து நின்றது. பிரேக்கை மிதித்தபடி சிலை மாதிரி உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் பின்னால் விட்டு, சக்கரத்தை நேராக்கி, மெதுவாக ஏற வேண்டும். ரிவர்ஸ் என்று கத்தினேன். அவர் கை கியரிடம் போகவே இல்லை. ஏறவில்லை என்றால் அந்தக் கோயில் அவர் கையை விட்டுப் போய்விடும். அது எனக்கும் தாங்காது.

அப்போது பின் சீட்டிலிருந்து மாமி குரல் வந்தது. "ஏண்ணா, இது கிரிவலம் இல்லை. பின்னாடி போங்கோ." குருக்கள் உடனே ரிவர்ஸ் போட்டார். கொஞ்சம் இறங்கி, சக்கரத்தை நேராக்கி, லோ கியரில், ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டார். ஜீப் நத்தை மாதிரி ஊர்ந்து, கல்லைக் கல்லாகப் பிடித்து, ஏறிக்கொண்டே இருந்தது. கோயில் வாசலில்தான் நின்றது. நாற்காலி வைத்திருந்தவர் அதைக் கீழே போட்டு அவரே அதில் உட்கார்ந்துகொண்டார். குருக்கள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதற்கென்ன. மாமி பாஷா பாயின் படியில் கால் வைத்து இறங்கினார், குடத்தை எட்டிப் பார்த்தார். மாவிலை நனையவில்லை. கணவரிடம் குடத்தைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த மாசம் நான் ஓட்டறேன். நீங்க குடத்தைப் பிடிச்சுண்டு பின்னாடி உக்காருங்கோ."

இப்போதெல்லாம் ஷெட்டுக்கு ஜீப் கொண்டுவருகிறவரிடம் எவ்வளவு உயரம் வேண்டும் என்று நான் கேட்பதில்லை. யார் ஓட்டப் போகிறீர்கள் என்பதை வீட்டில் கேட்டு முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.