தனம் அக்கா விற்க மறுத்த மீன்

போன மாதம் ஒரு நாள் காலையில் மார்க்கெட்டில் தனம் அக்காவின் இடம் காலியாக இருந்தது. "இன்னா, மகாராணி இன்னும் எழுந்திரிக்கலையா?" என்று, அவர் கூடையை ஏற்றி வரும் ஆட்டோக்காரரைச் சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. "தூக்கத்துலயே போய்ட்டாங்கப்பா" என்றார். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு உப்பளத்தை ஒட்டி இருக்கும் அவர் வீட்டுக்கு நடந்தேன்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மீன் வெட்டித் தருகிறவன். நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். அவரிடம் அதிகம் திட்டு வாங்கியவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா விற்றது ஆற்று மீன். ஒரு முறை கல்லூரி டீச்சரம்மா ஒருவர் சோதனைக்கென்று அவரிடம் மீன் வாங்கிப் போனார். திரும்பி வந்து, கம்பெனிக் கழிவால் மீனில் ஈயமும் வாயில் நுழையாத வேறு ஏதேதோவும் ஏறியிருக்கிறது, செவுளிலும் ஈரலிலும் அதிகம், சமைத்தாலும் போகாது, பிள்ளைகளுக்குத்தான் ரொம்பக் கெடுதல் என்றார். நாங்கள் எல்லோரும் கேட்டோம், வியாபாரத்தைப் பார்க்கப் போனோம். அக்கா மட்டும் மறுநாளிலிருந்து வருகிறவர்களையெல்லாம் கேட்க ஆரம்பித்தார்: "வூட்ல சின்னக் கொழந்த இருக்கா? முழுகாம யாராவது இருக்காங்களா?" இருந்தால் மீன் கிடையாது.

"யக்கா, நீ மீன் விக்க வந்தியா, ஜாதகம் பாக்க வந்தியா?"

"உன் ஜாதகத்துல நாக்குதான்டா நீளம். வேலயப் பாரு."

ஒரு அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தார். "ரத்தமாட்டம் செவந்திருக்கு, இதுக்கு இன்னா கொற?" அக்கா சொன்னார்: "செவந்திருந்தா புதுசுன்னுதாம்மா அர்த்தம். நல்லதுன்னு இல்ல." அந்த அம்மா அடுத்த கூடைக்குப் போனார். அதுவும் அதே ஆற்று மீன்தான்.

கடல் மீனுக்கு மாறச் சொன்னேன். "ஏலத்துல நின்னு கத்த எனக்குத் தெம்பு இல்லடா" என்றார். விற்காத மீனை என்ன செய்கிறாய் என்றேன். "நான்தான் துன்றேன். எனக்கு இனிமேவா புள்ள பொறக்கப் போவுது?" அன்று சேர்ந்து சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

என் மகள் பிரசவமாகி வீட்டுக்கு வந்தபோது விரால் குழம்பு கேட்டாள். அக்கா சாக்கை இழுத்துக் கூடையை மூடினார். "எம் பொண்ணுக்குக்கா!" என்றேன். "அதனாலதான்டா" என்றார். கோபத்தில் அவரோடு பேசாமல் இருந்தேன். அவரே வந்தார். "நீ வாய மூடிக்கினா மார்க்கெட்டே சாவு வூடாட்டம் இருக்கு. பேசித் தொலடா."

ஆறு அப்படியேதான் ஓடுகிறது. கூடைகளும் வருகின்றன. நேற்று இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், வேறு இடத்தில் வாங்கிய விராலை வெட்டக் கொடுத்தாள். எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டேன்: "கொழந்தைக்காம்மா?"

"மீன வெட்டச் சொன்னா ஜோசியம் பாக்கறியே!"

செவுளையும் ஈரலையும் வழித்துப் போட்டேன். "கொழந்தைக்கு மட்டும் குடுக்காதம்மா" என்றேன். கேட்பாளா, தெரியாது.

அக்காவின் தராசை அவர் தங்கை எடுத்துப் போய்விட்டார். கேள்வியை நான் வைத்துக்கொண்டேன்.