முத்திரை இல்லாத கடிதம்

வளைகுடாவின் எண்ணெய் நகரமான ருவைஸில் சுத்திகரிப்பு ஆலைப் பேருந்துகள் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரு சலவைக்கடைக்கும் ஒரு மலையாளி ஹோட்டலுக்கும் நடுவே இருக்கிறது அந்த டைப்பிங் சென்டர். விசா புதுப்பிக்க, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, ஊரிலிருந்து மனைவியை அழைக்க, யாருக்கு என்ன விண்ணப்பம் வேண்டுமானாலும் அரபியிலும் ஆங்கிலத்திலும் அடித்துக் கொடுப்பவர் கீழக்கரை கலீலுர் ரஹ்மான். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. அடியிலுள்ள சக்கரங்கள் மட்டும் மூன்று முறை மாறியிருக்கின்றன. அவர் கையால் போன தாள் எந்தக் கவுன்ட்டரிலிருந்தும் திரும்பி வந்ததில்லை என்று தொழிலாளர் கேம்ப்களில் சொல்வார்கள்.

அவருக்கு இரண்டே சட்டங்கள். கைக்கு வந்த தாளை முதலில் ஸ்கேன் செய்து மூன்று நகல் எடுத்துவிட வேண்டும். அடுத்தது முத்திரை. "கையெழுத்த எவனும் போடலாம். ஸ்டாம்ப் இல்லாத தாளு பஜ்ஜி மடிக்கத்தான் ஆகும்" என்பார்.

அந்த வியாழக்கிழமை காலை மகள் ஹிஃப்ஸா பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரு வெள்ளை உறையை அவர் கையில் கொடுத்தாள்.

"வாப்பா, டாக்டர் ரெக்கமண்டேஷன் லெட்டர். திங்கக்கிழமை இன்டர்வியூக்கு கொண்டு போற ஃபைல்ல வச்சிருங்க. பத்திரம்."

"என்ட்ட கொடுத்துட்டீல்ல. போ."

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தை மகள் தானே ஆன்லைனில் நிரப்பிக்கொண்டதில் அவருக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. ஊருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிய கைக்குச் சொந்த மகளின் விண்ணப்பத்தில் ஓர் எழுத்துக்கூட வேலை இல்லை. போன கோடை விடுமுறையில் அவள் உதவிக்குப் போய்வந்த கிளினிக்கின் டாக்டர் அருள்ராஜிடமாவது ஏதேனும் செய்யலாம் என்று, ஒரு பக்கக் கடிதத்தைத் தானே அடித்து எடுத்துப் போயிருந்தார். இங்கே அதுதான் வழக்கம். யாரிடம் கடிதம் வேண்டுமோ அவருக்குச் சிரமம் வைக்காமல் நாமே எழுதிக்கொண்டு போனால், அவர் கையெழுத்தைப் போட்டு முத்திரையைக் குத்திக் கொடுத்துவிடுவார். டாக்டர் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு பாய். ஆனா நானே எழுதிக்கிறேன்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்படி டாக்டரே எழுதிய கடிதம்தான் இப்போது உறைக்குள் இருந்தது.

கடையைத் திறந்து கணினியை முடுக்கிவிட்டு, மகளின் ஃபைலை எடுத்தார். மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று நகல் இருந்தன. உறைக்குத்தான் இல்லை. மேசைக் கத்தியை எடுத்தது, மேல் விளிம்பைக் கிழித்தது, தாளை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்தது எல்லாம் அவர் கையே செய்தது. ஒரு நாளில் நூறு உறை கிழிக்கிற கை. படம் திரையில் விரிந்தபோது அவர் கண் கீழே வலது மூலைக்குப் போனது. கையெழுத்து இருந்தது. முத்திரை இல்லை.

டாக்டருக்கு நாளை மதியம்வரைதான் டியூட்டி. மாலை விமானத்தில் ஊருக்குப் போகிறார். நல்லவேளை பார்த்தோம் என்று நினைத்தபடி கிளினிக்குக்கு ஓடினார். டாக்டர் கேம்ப் பார்வைக்குப் போயிருந்தார். வரவேற்பு மேசையில் இருந்த நுஃமான், போன மாதம்தான் தன் மனைவியின் விசாவை இவரிடம் அடித்துக்கொண்டவன். கேட்ட மாத்திரத்தில் கிளினிக்கின் நீல வட்ட முத்திரையை மையில் அழுத்தி, டாக்டரின் கையெழுத்தின் மேல் சாய்வில்லாமல் இறக்கினான்.

"போதுமா பாய்? இன்னொன்னு வேணுமா?"

"போதும் தம்பி. அல்லாஹ் பரக்கத் செய்வான்."

கடைக்கு வந்து புதிய ஸ்கேன் எடுத்தபோதுதான் கடிதத்தை வாசித்தார். பொதுவாக அவர் தாள்களை வாசிப்பதில்லை. கண் பெயரையும் தேதியையும் எண்ணையும் பார்க்கும், மற்றது யாருடையதோ. இதில் மகளின் பெயர் இருந்தது.

இரண்டாம் நாள், கை வெந்துபோன ஒரு தொழிலாளியைக் கொண்டு வந்தபோது இந்தப் பெண் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள் என்று எழுதியிருந்தார் டாக்டர். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, கட்டுப் போட்டு முடிக்கும்வரை அந்த ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரமும் ஒரு முறை வாந்தி எடுத்தாள். ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

கலீலுர் ரஹ்மான் நாற்காலியில் சாய்ந்தார். வாந்தி. இதையா எழுதுவார்கள்? அவர் அடித்துக் கொண்டுபோன கடிதத்தில், ரத்தத்தைக் கண்டும் கலங்காதவள் என்று இருந்தது. அவருக்குத் தெரிந்த ஹிஃப்ஸா அதுதான். வீட்டில் அவள் இதைச் சொன்னதே இல்லை.

இரண்டரை மணிக்கு அவள் கடைக்கே வந்தாள். உறையைப் பார்த்தாள். விளிம்பு கிழிந்திருந்தது.

"வாப்பா, இத யார் பிரிச்சா?"

"நான்தான். ஸ்டாம்ப் இல்லாம கொடுத்திருக்காரு டாக்டரு. நான் பாத்து அடிச்சிட்டு வந்துட்டேன். இல்லண்டா திங்கக்கிழமை அங்க போய் முழிச்சிருப்போம்."

அவள் தன் போனில் கல்லூரியின் அறிவிப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பரிந்துரைக் கடிதம் ஒட்டிய உறையில் இருக்க வேண்டும். ஒட்டிய இடத்தின் மேல் பரிந்துரைப்பவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். பிரித்த உறை ஏற்கப்படாது. அந்த விண்ணப்பதாரர் நேர்முகத்துக்கு அனுமதிக்கப்பட மாட்டார்.

உறையைத் திருப்பிப் பார்த்தார். ஒட்டிய மடிப்பின் குறுக்கே டாக்டரின் கையெழுத்து இருந்தது. காலையில் அவர் பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

"நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "அதுல என்ன இருக்குன்னு நான்கூட பாக்கக் கூடாது. நான் பாக்கலன்னாதான் அவங்க அத நம்புவாங்க."

அவள் போனபிறகு, பக்கத்து மேசையில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மையப்பன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். அரியலூர்க்காரன், எட்டு வருஷமாகக் கூட வேலை பார்ப்பவன்.

"பாய், ஒண்ணு சொல்லட்டா? அந்த கிளினிக்கோட மெடிக்கல் சர்ட்டிபிகேட் நம்ம சிஸ்டத்துல நூறு கெடக்கு. லெட்டர்ஹெட்ட எடுத்து பத்து நிமிசத்துல அச்சு அசலா போட்டுருவேன். புது கவரு, கையெழுத்தும் ஸ்கேன்ல இருக்கு. டாக்டர் ஊருக்குப் போறாரு. யாருக்குத் தெரியப் போவுது?"

கலீலுர் ரஹ்மான் கணினிப் பக்கம் திரும்பினார். திரையில் கடிதம் அப்படியே இருந்தது. முடியும். வாந்தி வருகிற பத்தியை எடுத்துவிடவும் முடியும். மகள் நேர்முகத்துக்குப் போய்விடுவாள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக, தேதியை மட்டும் மாத்துங்க பாய், ஒரே ஒரு நம்பர் பாய் என்று இதே மேசைக்கு முன்னால் கெஞ்சியவர்களை அவர் எழுப்பி அனுப்பியிருக்கிறார். அவர்களுடைய முகங்கள் ஏன் அப்படி இருந்தன என்று இப்போது புரிந்தது.

"அந்த ஸ்கேன அழிச்சிரு அம்மையப்பா" என்றார். "ரெண்டையும்."

வீட்டில் மனைவி ஜுலைஹா பீவி சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சொன்னாள். "ஊர் பேப்பரு ஒண்ணும் ரிஜெக்ட் ஆனதில்ல. பெத்த மவ பேப்பரத் தேடிப் புடிச்சு ரிஜெக்ட் பண்ணிட்டீங்க." ஹிஃப்ஸா அறைக் கதவைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பனும் மகளும் கிளினிக்கில் இருந்தார்கள். டாக்டரின் அறைக்கு வெளியே பதினொரு தொழிலாளர்கள் வரிசையில் இருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு டாக்டர் கிளம்பிவிடுவார். ஒவ்வொருவர் உள்ளே போகும்போதும் கலீலுர் ரஹ்மான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவருக்கு இருமல். ஒருவருக்குக் காலில் ஆணி. ஒருவர் உள்ளே போய் இருபது நிமிஷம் வரவில்லை. அந்த மனிதர்மேல் அவருக்கு வந்த கோபம் அவருக்கே வெட்கமாக இருந்தது.

பதினொன்றேகாலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் அருள்ராஜ் கிழிந்த உறையையும், தன் கையெழுத்தின் மேல் உட்கார்ந்திருந்த நீல வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத அடிச்சது யாரு?"

"நான்தான் நுஃமான்ட்ட கேட்டு வாங்கினேன் டாக்டர். அவன்மேல தப்பில்ல."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

டாக்டர் ஹிஃப்ஸாவைப் பார்த்தார். "நீ?"

"இல்ல சார்."

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

"மறுபடி எழுதித் தரேன். ஆனா பாய், மொத கவர் பிரிஞ்சத மறைச்சு தரமாட்டேன். என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி எழுதுவேன். நீங்க பிரிச்சீங்க, புள்ள பாக்கல. அவங்க அத எப்படி எடுத்துப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. வேண்டாம்னாகூட சொல்லலாம்."

"அந்த வரி இல்லாம..." என்று தொடங்கிய கலீலுர் ரஹ்மான் மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எழுதுங்க சார்" என்றாள் ஹிஃப்ஸா.

கடிதத்தை எழுதி முடித்ததும் புதிய உறை மேசைமேல் வந்தது. ஒட்டி, மடிப்பின் குறுக்கே கையெழுத்துப் போட்டார் டாக்டர். முத்திரைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கலீலுர் ரஹ்மான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் தொடவில்லை. உறையை மகளிடம் நீட்டினார்.

திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பி, கலீலுர் ரஹ்மான் வழியில் எங்கும் நிறுத்தாமல் கல்லூரிக்குக் காரை ஓட்டினார். ஹிஃப்ஸா உறையை மடியில் வைத்திருந்தாள். உள்ளே அவருடைய தவறு ஒரு வரியாக இருந்தது. டாக்டர் எந்த வார்த்தையில் எழுதியிருப்பார்? அடித்துப் பழகிய மூளை அந்த வரியை நூறு விதமாக அடித்துப் பார்த்தது. எப்படி அடித்தாலும் தகப்பன் ஒரு மோசடிக்காரன் மாதிரித்தான் வந்தது.

கல்லூரிக் கவுன்ட்டரில் இருந்த பெண் உறையை வாங்கி முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், மடிப்பை விரலால் தடவினாள். கலீலுர் ரஹ்மான் கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவள் உறையை ஒரு தட்டில் போட்டுவிட்டு, உட்காரச் சொன்னாள்.

அவள் முறைக்கு முன் இன்னும் இரண்டு பேர் இருந்தபோது ஹிஃப்ஸாவின் முகம் வெளுத்தது. மேலுதட்டில் வேர்வை. பாத்ரூம் எங்கே என்று கண்ணால் தேடினாள். அவர் ஃபைலைத் திறந்து, நகல்களுக்கு அடியிலிருந்து மடித்த பிளாஸ்டிக் பை ஒன்றையும் ஓர் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து அவள் கையில் வைத்தார்.

அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அதத்தான் எழுதியிருந்தாரா?"

"லெட்டர்ல என்ன இருக்குண்டு நான் சொல்லக் கூடாது."

"வீட்ல சொல்லாததுக்கு கோவமா?"

"மோந்து பாரு. பேசாத."

பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டாள். பெயர் கூப்பிட்டார்கள். பையை மடித்து கோட் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

இருபத்தைந்து நிமிஷம். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், சுவரில் இருந்த அறிவிப்புகளை எல்லாம் வாசித்தார். ஒவ்வொன்றிலும் கீழே முத்திரை இருந்தது.

வெளியே வந்த ஹிஃப்ஸா அவர் பக்கத்தில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள்.

"மொதல்ல வாந்திய பத்திதான் கேட்டாங்க."

"என்ன சொன்ன நீ?"

"ஆமான்னு சொன்னேன். இன்னும் வரும், இங்க வெளியிலகூட வரப் பாத்துச்சுன்னு சொன்னேன். அப்புறம் அந்த ஆளோட கை இப்ப எப்படி இருக்குன்னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. சொன்னேன்."

"அந்த வரி?"

"உங்க ஃபாதர் ஏன் பிரிச்சார்னு கேட்டாங்க. டைப்பிங் சென்டர்ல இருக்கார், ஸ்டாம்ப் இருக்கான்னு பாத்தார்னு சொன்னேன். ஒரு சார் சிரிச்சுட்டார். அந்த மேடம் சிரிக்கல. எழுதிக்கிட்டாங்க."

"என்ன எழுதுனாங்க?"

"தெரியல வாப்பா. ரெண்டு வாரத்துல மெயில் வரும்."

மடித்த பையை அவரிடம் நீட்டினாள். பிரிக்காமல் அப்படியே இருந்தது. அவர் அதை வாங்கி, நான்காக மடித்து, ஃபைலில் மதிப்பெண் பட்டியலுக்குப் பின்னால் வைத்தார். பிறகு தாங்கமாட்டாமல் கேட்டார்.

"புது லெட்டர்ல ஸ்டாம்ப் இல்லையே. அதப் பத்தி ஒண்ணும் கேக்கலயா?"

"யாரும் கேக்கல வாப்பா" என்றாள் ஹிஃப்ஸா, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி.