சம்பந்தியம்மாவின் சூப்புப் பாத்திரம்

இஸ்திரிப் பெட்டியை அழுத்தும்போது "கோ." ஆவி சீறும்போது "வென்ட்." தூக்கும்போது "கான்." தென்கொரியாவின் பூசான் நகரில், மலைச்சரிவில் சலவைக் கடை வைத்திருக்கும் ஓக்புன் சில வருடங்களாக இப்படி ஆங்கில வினைச்சொற்களை மனப்பாடம் செய்தபடிதான் சட்டை தேய்க்கிறாள். "கட்" என்ற சொல் வந்தால் மட்டும் முகம் மலர்ந்துவிடும். கட், கட், கட் என்று அந்தச் சொல் எந்தக் காலத்திலும் மாறாது.

"இதுதான்டி நல்ல குடும்பத்துப் பிள்ளை. காலையில எப்படிப் போச்சோ அப்படியே சாயங்காலம் வீடு வருது. இந்த 'கோ'வையும் 'வென்ட்'டையும் பாரு, அப்பனும் மகனும்னு யாராவது நம்புவாங்களா?"

பக்கத்தில் கிம்ச்சி என்ற காரக் கோஸ் ஊறுகாய் விற்கும் மல்சுன் கடையிலிருந்தே பதில் கொடுப்பாள். "சட்டைய கருக்கிடாத அக்கா. கருகினதுக்கு மூணு காலத்துலயும் ஒரே ஏச்சுதான்."

ஓக்புன் ஆங்கில மரபுத்தொடர்களைக் கடை முகவரி அச்சிட்ட துணிச்சீட்டின் பின்புறம் எழுதி, தேய்க்கும் துணியின் காலரில் குத்திக்கொள்வாள். பிறகு எடுக்க மறந்துவிடுவாள். ஒருமுறை வங்கி மேலாளர் ஒருவர் "பீஸ் ஆஃப் கேக்" என்ற சீட்டு பின்கழுத்தில் ஆட, கடன் கேட்டு வந்தவர்களிடம் அரை நாள் கறாராகப் பேசிக்கொண்டிருந்தார். அது 'ரொம்பச் சுலபம்' என்று பொருள் தருமாம். "கேக்குக்கும் சுலபத்துக்கும் என்னடி சம்பந்தம்? ஏன்தான் நினைக்கிறத நேரா சொல்ல மாட்டாங்களோ" என்பது ஓக்புன்னின் நெடுநாள் வழக்கு.

இத்தனை பாடும் மகளுக்காக. ஊரார் துணி வெளுத்துப் படிக்கவைத்த யோன்ஜு நியூசிலாந்துக்குப் போய், அங்கேயே ஒருவனைக் காதலித்தாள். சம்பந்தியம்மா முன்னால் மகள் மொழிபெயர்க்க, தான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. "படிச்ச பொண்ணோட படிக்காத அம்மான்னு அவங்க நினைச்சிடக் கூடாது. அவ்வளவுதான்."

கல்யாணம் பூசானில் நடந்தது. சம்பந்தியம்மா லொரேனின் கசங்கிய கோட்டை ஓக்புன்னே தேய்த்துக் கொடுத்தாள். விருந்து முடிந்து விடைபெறும்போது, அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள்: "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்." அந்த ஒரு நாளை நம்பி அங்கே யாரும் உலை வைப்பதில்லை. ஆனால் ஓக்புன் அதை ஆங்கிலத்தில், ஒரு பிழையுமின்றிச் சொல்லித் தொலைத்துவிட்டாள்.

லொரேன் மகிழ்ந்துபோனார். "செவ்வாய்க்கிழமை வரட்டுமா?"

"நாளே குறிச்சுட்டாங்களா!" மல்சுன் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ன மனுஷங்க அக்கா அவங்க!"

அந்த ஊர் வழக்கப்படி, சம்பந்திக்கு விரிக்கும் மேசை இன்னொரு கிண்ணம் வைக்க இடமில்லாத அளவுக்குப் பதார்த்தங்களால் நிறைந்திருக்க வேண்டும். ஓக்புன்னின் வீட்டிலோ மேசைக்கே இடமில்லை. கடைக்குப் பின்னால் ஒரே அறை. அதிலும் பாதியில் ஊரார் கோட்டுகள் குடியிருந்தன. ஆகவே திங்கட்கிழமை அவளே போன் செய்தாள். "ஐ ஆம் அண்டர் த வெதர்." உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம்.

"புரிஞ்சிடுச்சுடி! ஒரே தடவைல!"

"முதமுதலா ஒழுங்கா பேசினது பொய்யா போச்சே, அக்கா."

செவ்வாய் மதியம், ஆவி பறக்கும் கடை வாசலில் லொரேன் வந்து நின்றார். ஒரு கையில், ஓக்புன் தேய்த்த கோட்டின் காலரிலிருந்து எடுக்க மறந்த துணிச்சீட்டு. டாக்சிக்காரரிடம் அதிலிருந்த முகவரியைத்தான் காட்டியிருந்தார். மறு கையில் நோயாளிக்காகக் கொண்டுவந்த கோழி சூப்பு. ஓக்புன்னின் கையில் இஸ்திரிப் பெட்டி.

"ஐ வாஸ்... ஐ ஆம்... ஐ ஹேவ் பீன்..." எல்லாக் காலமும் ஒரே கதவில் முண்டியடித்தன.

லொரேன் கடையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "உடம்பு சரியில்லையா? இல்ல, நான் வரேன்னு பயமா?"

இதற்கும் ஏதாவது ஒரு மரபுத்தொடர் இருந்திருக்கும். ஓக்புன்னுக்கு வாய்த்தது இரண்டே சொல். "டேபிள். நோ."

லொரேன் அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார். பாத்திரத்தை இஸ்திரிப் பலகைமேல் வைத்து மூடியைத் திறந்தார். மல்சுன் கரண்டிகளோடும் கிம்ச்சியோடும் ஓடிவந்தாள். மூவரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். ஓக்புன் அன்று ஒரு வினைச்சொல்லும் இல்லாமல் நெடுநேரம் பேசினாள்.

லொரேன் ஊர் திரும்பிவிட்டார். பாத்திரம் கடை அலமாரியிலேயே இருக்கிறது. பண்டத்தோடு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப அவளால் முடியாது. போன் செய்யும்போதெல்லாம் லொரேன் சிரித்தபடி கேட்கிறார், "எந்தச் செவ்வாய்?" ஓக்புன் "சூன், சூன்" என்கிறாள், சீக்கிரம் என்று. மற்றபடி, இப்போதெல்லாம் வாடிக்கையாளர் யாரையும் அவள் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடுவதில்லை.

போனை வைத்ததும் அளவு நாடாவை உருவி எடுக்கிறாள். தொங்கும் கோட்டுகளை ஒரு தோளால் சுவரோரம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அங்கே ஒரு மேசைக்குக் கிடைக்கிற இடத்தை மறுபடியும் அளந்து பார்க்கிறாள்.