எலி வராத வயல்

நான் ஒருமுறை அறிவியல் கண்டுபிடிப்பு ஒன்றைச் செய்தேன். செய்த நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறேன்: ஞாயிறு, காலை ஒன்பது இருபது, மன்னார்குடி தாண்டி, ஜன்னலோர இருக்கை. பிற்கால ஆராய்ச்சியாளர்கள் சிரமப்படக் கூடாதே என்ற கரிசனத்தில் பேருந்துச் சீட்டையும் நோட்டில் ஒட்டினேன். ஐம்பத்திரண்டு வயது ஆள் செய்த வேலை இது. எழுதும்போதே காது சுடுகிறது.

எனக்குத் தஞ்சாவூரில் அலுவலக வேலை. வாரப் பத்திரிகை ஒன்றில் சிரிப்புக் கட்டுரைகள் எழுதுவேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் அப்பா வழியில் வந்த ஒன்பது மா நிலம், ஏறக்குறைய மூன்று ஏக்கர், குத்தகையில் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு போய், பதினோரு மணி வெயிலில் வரப்பில் நின்று, ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு, இளநீர் குடித்துத் திரும்புவேன். என் விவசாயம் அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் விஞ்ஞானிகளின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் புத்தகங்களாக வாங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் ஒரே கதை. ஒருவருக்குக் குளிக்கும்போது தோன்றியது, ஒருவருக்குக் கனவில், ஒருவருக்கு வண்டியில் ஏறும்போது. நானும் தினம் குளிக்கிறேன், தூங்குகிறேன், பேருந்தில் போகிறேன். அப்படியென்றால் எனக்கு மட்டும் ஏன் தோன்றக் கூடாது?

தோன்றியது. எங்கள் வீட்டுப் பரணில் எலி புகுந்து எல்லாப் புத்தகங்களையும் கடித்திருந்தது. என் கட்டுரைத் தொகுப்பின் விற்காத கட்டு மட்டும் முழுசாக இருந்தது. அதில் பூச்சிக்காக நொச்சி இலை போட்டிருந்தோம். ஆகவே நொச்சி வாசனை எலிக்கு ஆகாது. அந்தக் கட்டை எலி தொடாததற்கு வேறொரு விளக்கமும் இருந்தது. அதை நான் பரிசீலிக்கவில்லை.

பேருந்தில் இது தோன்றிய அன்றைக்கே, வயலுக்குப் போனதும், வாய்க்கால் கரையிலிருந்து ஒரு செடியின் கிளைகளை நானே வெட்டி வந்தேன். உள்ளங்கையைவிட நீளமான இலை, கையெல்லாம் ஒரு கசப்பு நெடி. வரப்பைச் சுற்றி இரண்டடிக்கு ஒன்றாக நட்டேன். குத்தகைக்காரர் கிளைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நொச்சி,” என்றேன். “இனிமே எலி வராது.”

“சரிங்க சார்,” என்றார்.

அந்தச் சம்பாவில் எலி வரவில்லை. கதிர் பொதியும் மார்கழியில்கூட ஒரு தூர் அறுபடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போக ஆரம்பித்தேன். நோட்டில் எழுதினேன். ஒரு வாரம் வரப்போரம் நூல் கட்டிய மூங்கில் சிம்பு ஒன்று கிடந்தது. ‘பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்’ என்று எழுதினேன். இன்னொரு வாரம் மழையில் கிளைகளெல்லாம் அடித்துக்கொண்டு போயிருந்தன. அப்போதும் எலி வந்த தடமில்லை. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பார்கள். நான் ‘வாசனை மண்ணில் இறங்கியிருக்கிறது’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

என் மனைவி மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நொச்சி வைக்காத வயல் எது?”

“வைக்காததைப் போய் எதுக்குப் பாக்கணும்?”

“அதைத்தாங்க முதல்ல பாக்கணும்.”

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் ஒரு கண்டுபிடிப்பாளன் உருவாவதை இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவர்களால் தாங்க முடியாது என்று அந்தப் புத்தகங்களில் ஒன்றில் இருந்தது.

கண்டுபிடிப்பைப் பத்திரிகையில் எழுதினேன், சிரிப்பே இல்லாமல். எனக்குப் பக்கத்து வயலை ஓர் அம்மா குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். கணவர் இல்லை. கல்லூரியில் படிக்கும் ஒரு மகள். அந்த ஆறு மாவில் விளைவதுதான் வருஷச் சாப்பாடும், குத்தகை நெல்லும். குத்தகையை அளந்து கொடுக்கத் தவறினால் நிலம் கைமாறிவிடும் என்று ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். அடுத்த சம்பாவில், கார்த்திகை ஞாயிறு ஒன்றில், அவர் வரப்பு மேல் வந்து நின்றார்.

“மக படிச்சுக் காட்டினா சார். அப்போ கிட்டி வைக்க வேணாமா? கிட்டிக்காரர் வந்து கேட்டுட்டுப் போனாரு.”

கிட்டி என்பது மூங்கிலை வில்லாக வளைத்து நூல் கட்டிச் செய்யும் எலிப்பொறி. எனக்கு அதன் பெயர் தெரியும், பார்த்ததில்லை.

“தேவையில்லைங்க,” என்றேன். “நிரூபிச்சாச்சு.”

அந்த ஒற்றைச் சொல்லை நான் எவ்வளவு ருசித்துச் சொன்னேன் என்பது இன்றும் நாக்கில் இருக்கிறது. அவர் என் வரப்பை ஒருமுறை பார்த்தார். அச்சில் வந்திருக்கிறது, படித்தவர் சொல்கிறார், சொல்கிறவர் வயலிலும் எலி இல்லை. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கிட்டிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நொச்சியைக் கொத்துக்கொத்தாக நட்டார்.

மார்கழிக் கடைசியில் போனபோது அவருடைய வயல் வரப்பிலிருந்து பார்க்கச் செழிப்பாக இருந்தது. “பிரமாதமா இருக்குங்களே,” என்றேன். அவர் ஓரத்து வரிசையைக் கையால் விலக்கிக் காட்டினார். உள்ளே மொட்டை. சாய்வாக, கத்தி வைத்த மாதிரி அறுத்துப் போட்டிருந்தது. எலி ஓரத்தை விட்டுவிட்டு நடுவயலில்தான் சாப்பிடுமாம். வரப்பிலேயே நிற்கிறவனுக்கு எல்லாம் சரியாகத் தெரியும்.

நான் வரப்பைவிட்டு இறங்கியதே இல்லை.

“நம்ம வயல்ல ஏன் வரல?” என்று குத்தகைக்காரரைக் கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“கிட்டி வெக்கிறோம்ல சார்.”

“எப்போ?”

“எப்பவும்தான். கிட்டிக்காரர் சாயங்காலம் வெச்சு, விடியுறதுக்குள்ள எடுத்துடுவாரு. நீங்க பதினோரு மணிக்கு வரீங்க.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“நீங்க கேக்கல. ஆசையா குச்சி நட்டீங்க. எதுக்குப் போயி மனசை நோவடிக்கணும்னு இருந்துட்டேன். பத்திரிகையில போடுவீங்கன்னு நான் கண்டனா?”

அவர்மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. விளையாட்டுச் சாமான் என்று நான் எழுதிய மூங்கில் சிம்பு எனக்கு முன்னாலேயே கிடந்தது. மழையில் போன கிளைகளும் பதில் சொல்லிவிட்டன. மனைவி கேள்வியையே கையில் கொடுத்தாள். மின்னல் மாதிரி ஒரு யோசனை வருவது கண்டுபிடிப்பில் பாதிகூட இல்லை. அது யாருக்கும் வரும், பேருந்தில் எனக்குப் பக்கத்தில் வாய் திறந்து தூங்கியவருக்கும் வந்திருக்கலாம். வந்த யோசனையைத் தானே முன்னின்று உடைத்துப் பார்ப்பதுதான் மிச்சம். அதற்குப் பதிலாக நான் அதற்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். கற்பனை எனக்குக் குறையவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் எலியைவிட வேகமாக அது வேலை செய்திருக்கிறது.

அறுவடையில் அந்த அம்மாவுக்கு வழக்கத்தில் பாதிக்கும் குறைவான நெல்தான் கிடைத்தது. எனக்கு வந்த குத்தகை நெல்லை அப்படியே அவர் வீட்டில் இறக்கச் சொன்னேன். மறுப்பார், நான் வற்புறுத்துவேன் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு போனேன். அவர் மறுக்கவில்லை. “அந்தப் பக்கமா அடுக்கச் சொல்லுங்க, இங்க ஒழுகும்,” என்றார். அதில் அவர் அளக்க வேண்டியதை அளந்துவிட்டார். நிலம் கைமாறவில்லை. அதை என் கணக்கில் நல்லதாக எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பத்திரிகைக்கு ஒரு மறுப்பு அனுப்பினேன். நொச்சிக்கும் எலிக்கும் சம்பந்தமில்லை, என் தவற்றை நம்பி ஒருவர் நஷ்டப்பட்டார் என்று நேராக எழுதியிருந்தேன். அதை வழக்கமான சிரிப்புப் பக்கத்தில், எலி கண்ணாடி போட்டுப் படிக்கும் படத்தோடு போட்டார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்ததாக வாசகர்கள் எழுதினார்கள்.

அடுத்த சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த சமயம் ஊருக்குப் போனபோது அந்த அம்மா நாற்றங்காலில் நின்றிருந்தார். அந்த வருஷம் கிட்டிக்காரரிடம் முதல் ஆளாகச் சொல்லி வைத்துவிட்டாராம். மறுப்பைப் படித்தாரா என்று கேட்டேன். மன்னிப்பு என்ற சொல்லைத் தொண்டை வரை கொண்டுவந்திருந்தேன்.

“மக படிச்சா சார்,” என்றார். “அதுலயும் நொச்சி நொச்சின்னே போட்டிருக்கீங்க. நொச்சி வெச்சது நாங்கதான். நீங்க வெச்சது ஆடாதொடை.”

நான் வாய்க்கால் கரையைப் பார்த்தேன். உள்ளங்கையைவிட நீளமான இலைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

“யாரும் சொல்லலையே?”

“எப்படிச் சொல்றது, நீங்க நிரூபிச்சாச்சுன்னீங்க.” குனிந்து ஒரு களையைப் பிடுங்கி வரப்பில் போட்டார். “நாங்க இருமலுக்குக் கஷாயம் போடுவோம் அதை. உங்க வயல் எலிக்கு இருமல் மட்டும் வந்திருக்காது.”