ஆயருக்குக் கொடுத்த கட்டில்

போன வாரம் மைசூர் ரயில் நிலையத்தில் பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை வந்தால் எனக்கு ஓர் ஆயர் நினைவுக்கு வருவார். சிரிக்காதீர்கள்.

ஸ்பெயின் நாட்டுக் கிறிஸ்தவப் புனிதர். ஆயராக இருந்தும் கிழிந்த அங்கியைத் தானே தைத்து உடுத்தியவர். சாகும் நேரத்தில், மிச்சமிருந்த கட்டிலையும் ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டு, உயிர் போகும்வரை அதில் படுத்துக்கொள்ள அவனிடமே அனுமதி கேட்டாராம். மைசூரில் அவர் பெயரில் ஒரு கோயில். பக்கத்தில், ஆஸ்பத்திரி கைவிட்டவர்களுக்கு இலவச விடுதி. திருநாள் மாலையில் அவர் கதையை நாடகமாகப் போடுவார்கள். கட்டில் விடுதியிலிருந்து, அங்கத்துப் பினாயில் வாடையோடு வரும். நாடகம் முடிந்ததும் நோயுற்ற குழந்தைகளை அதில் ஒரு நிமிடம் கிடத்தி எடுப்பது வழக்கம்.

நான் நிருபராகச் சேர்ந்த வருடம் செய்தி எடுக்கப் போனேன். சட்டைப்பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, ஒன்று பிறர் பார்க்க.

அந்த முறை, தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய கட்டிலை, நாடகத்தை நடத்திய கோயில் உபதேசியார் தேர்ந்தெடுத்தார். ஆயரின் முகம் சபைக்குத் தெரிய வேண்டுமே. அதில் ஹனூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். சாய்ந்து உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சு.

"ரெண்டே மணி நேரம்மா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க," என்றார் உபதேசியார்.

"எடுத்துக்கங்க சாமி. அந்த ஆயருக்கும் என்னையாட்ட மூச்சு எளைக்குமாட்ட இருக்குது." அந்த அம்மாவின் சிரிப்பு இருமலில் முடிந்தது.

கொத்து வேலை செய்யும் கணவர் அவரைப் பாயில் தன் தோளோடு சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, பேப்பர்காரருங்களா? நீங்க சொன்னாக் கேப்பாங்க. கூத்து முடிஞ்சதும் கட்டலக் குடுத்துடச் சொல்லுங்க. தரை இவளுக்கு ஆகாதுங்க."

"சொல்றேங்க," என்றேன்.

சொல்லவில்லை. கட்டிலைக் கொடுக்கும் காட்சி என்னை அப்படி உருக்கிவிட்டது. பிறகு குழந்தைகளோடு நின்ற வரிசை தெருவரை நீண்டது. அதையும் குறித்துக்கொண்டேன், செய்திக்கு நல்ல முடிவு.

வரிசை தீர்ந்து கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனபோது அந்த அம்மா கணவரின் தோளிலேயே இறந்திருந்தார். கணவர் என்னைப் பார்க்கவில்லை. உபதேசியாரிடம் மட்டும், "வேற ஆருக்காச்சும் போடுங்க சாமி," என்றார். வராந்தாவில் ஒருவர் காத்திருந்தார். போட்டார்கள்.

விடுதி மூடப்பட்டுப் பல வருடமாகிறது. அங்கே இப்போது கார்கள் நிற்கின்றன. நாடகமும் நின்றுபோனது. நடித்தவர்களின் பெயர்கள் ஒன்றுவிடாமல் என் செய்தியில் இருக்கின்றன. அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவில்லை. விடுதிப் பதிவேட்டிலாவது இருக்குமென்று ஒருமுறை கோயிலில் போய் விசாரித்தேன். பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள்.