இருங்கெளுத்திக்காக மாற்றிக்கொண்ட இறால் பாடு

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பழவேற்காட்டில் பூட்டிக் கிடந்த ஒரு மரைக்காயர் கிடங்கை மருந்து தேடும் கூடமாக மாற்றியவனும் நான்தான். சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்பு பூசினேன். கரண்ட் போனாலும் குளிர் போகாதபடி இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் உமி அடைத்து ஐஸ் அறை கட்டினேன். தெருவில் லாரி போனால் உள்ளே மேசை அதிரும் என்றார்கள். மேசைக் கால்களை மணல் தொட்டிகளில் இறக்கினேன். மீன்களை உயிரோடு வைக்கத் தொட்டி கட்டினேன். ஒரு கொத்தனாரைக்கூடக் கூப்பிடவில்லை. முடியாது என்று சிரித்தவர்கள் பிறகு வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் ஒரு டாக்டரம்மா. வெளிநாட்டில் ஆராய்ச்சி படித்துவிட்டு வந்தவர். காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்களிடம், "நான் அந்த டாக்டர் இல்லம்மா" என்று கூசிப்போய்ச் சொல்வார். ஊர் அவருக்கு 'ஊசி போடாத டாக்டரம்மா' என்று பெயர் வைத்தது. பணம் போட்டவர் சென்னையில் மருந்துக்கடை முதலாளி. வேலைக்கு நான். அவ்வளவுதான் கம்பெனி.

எங்கள் ஏரியில் இருங்கெளுத்தி என்று ஒரு மீன் உண்டு. அதன் முள் குத்தினால் எப்பேர்ப்பட்ட ஆம்பிளையும் அலறுவான். அந்த முள்ளின் விஷம்தான் டாக்டரம்மாவுக்கு வேண்டும்.

"அந்த விஷத்தோட உருவம் தெரிஞ்சாத்தான் அது நரம்புல எங்க போய் ஒட்டுதுன்னு தெரியும். அதை வச்சு வலியை நிறுத்துற மருந்து செய்யலாம்" என்றார்.

உருவத்தைப் பார்க்க விஷத்தைச் சுத்தம் செய்து, சொட்டுச் சொட்டாகக் கண்ணாடியில் தொங்கவிட்டு, குளிரில் அசையாமல் வைக்க வேண்டும். அது கல்கண்டு மாதிரி உறைந்தால் எக்ஸ்ரே பிடிக்கலாம். மாதக்கணக்கில் பார்த்தோம். உறையவே இல்லை. பொங்கலுக்குள் ஒரு கல்லாவது காட்டாவிட்டால் கம்பெனியை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

விஷம் போதவில்லை, மீன் நிறைய வேண்டும். ஆனால் எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு: எந்த இடம் எந்த நாள் யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். அந்த ஐப்பசியில் முகத்துவாரத்து இறால் பாடு எனக்கும் என் அண்ணனுக்கும் விழுந்திருந்தது. கெளுத்தி கிடக்கும் சேற்றுப் பக்கம் வேறு ஆட்களுக்கு. மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

"இன்னாடா, எறா வர்ற மாசத்துல எவனாச்சும் பாட்ட மாத்துவானா? மூள கீதா உனக்கு?" என்றார் அண்ணன்.

"பொங்கலுக்குள்ள மீனு கெடைக்கலன்னா அந்தம்மா கம்பெனிய மூடிடுவாங்கண்ணே."

"மூடட்டும். ஊசி போடத் தெரியாத டாக்டருக்கு கம்பெனி ஒரு கேடு."

"அடுத்த வருஷமும் எறா வரும்ணே."

"உனக்கு வரும். எனக்கு மூணு பொண்ணுங்க கீதுடா."

இருவரும் சம்மதிக்காமல் பாடு கைமாறாது. மறுநாள் ஊர்க்கூட்டத்துக்கு அண்ணன் வந்தார். "தம்பி சொல்றான், மாத்திக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த வருஷம் முகத்துவாரத்தில் இறால் கொட்டியது. எடுத்தவர்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் கூடை தூக்கிப் போனார்கள்.

நான் சேற்றில் நின்று கெளுத்தி பிடித்தேன். கை வீங்கி, சோற்றைப் பிசைய முடியாத நாட்கள் உண்டு. மார்கழியில் ஒரு காலை டாக்டரம்மா கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். சொட்டுக்குள் மூன்று கற்கள். அவர் ஊசியை எடுத்து ஒன்றைத் தொட்டார்.

"அய்யோ, உடைக்கிறீங்களேம்மா!"

"வெறும் உப்பா இருந்தா டக்குன்னு தெறிக்கும். நம்மளதா இருந்தா உதிரும்."

உதிர்ந்தது. ஆறு மாதம் பாடுபட்டது தூளானதைப் பார்த்து இருவரும் சிரித்தோம், பைத்தியங்கள் மாதிரி.

மிச்சமிருந்த இரண்டையும் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அடைத்தோம். பஸ் குலுக்கலில் நொறுங்கிவிடும், கால்வாயில் படகிலேயே சென்னைக்குப் போகலாம் என்றது நான். அவரும் அதையே நினைத்திருந்ததாகப் பிறகு சொன்னார், இருக்கட்டும். விறகுப் படகில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனோம். அங்கே ஒரு கல்லூரியில் எக்ஸ்ரே பிடித்தார்கள். ஃபிலிமில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். அவற்றைக் கணக்குப் போட்டால் விஷத்தின் உருவம் கிடைத்துவிடும் என்று சொல்லி டாக்டரம்மா அழுதுவிட்டார்.

முதலாளி ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கல்லு கேட்டேன், காட்டிட்டீங்க. மருந்து எப்பம்மா வரும்?"

"பத்து வருஷம் ஆகலாம் சார்."

பொங்கலுக்கு முன்பே கூடத்துக்குப் பூட்டு விழுந்தது.

வருமானமில்லாத அண்ணன் காசிமேட்டுக்கு விசைப்படகு லாஞ்சில் வேலைக்குப் போனார். அடுத்த மழைக்காலத்தில் அந்த லாஞ்சு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. துக்கம் கேட்க வந்த டாக்டரம்மா அண்ணி பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என்னிடம், "அந்தக் கல்லைப் பத்தி நான் எங்க எழுதினாலும் உங்களையும் உங்க அண்ணனையும் சேர்த்துத்தான் எழுதுவேன்" என்றார்.

எழுதுவதற்குள் அவரும் நோயில் போய்விட்டார். மிச்சக் கணக்கை முடித்தவர்கள் அந்தக் கல்லூரிப் பிள்ளைகள். அவர்களுக்கு எங்களைத் தெரியாது, அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அங்கே டாக்டரம்மா படத்தை மாட்டி, 'தனி ஒருவராகச் சாதித்தவர்' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அந்தம்மா உயிரோடு இருந்தால் அந்த வரியை அவரே பேனாவால் அடித்திருப்பார்.

தனி ஒருவர் இல்லை. கூடம் கட்டியதும் மீன் பிடித்ததும் கல்லை மடியில் சுமந்ததும் நான். அதற்காக விட்டுக்கொடுத்த இறாலில் பாதி என் அண்ணனுடையது. இரண்டையும் அந்தப் படத்தின் கீழே எழுத வேண்டும். ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டுவிட்டுத் தப்பிக்கக் கூடாது. அண்ணனின் பெண்கள் எட்டி நின்று படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுத வேண்டும்.