அப்பாவுக்கு வேலை கொடுத்தவர்கள்

தொழிலாளர் நலவாரியத்தில் பதிய அறுபது வயதுக்குள் இருக்க வேண்டும். அப்பாவுக்கு அறுபது ஆக ஒன்பது நாள்தான் இருந்தது. பதிந்தால் பென்ஷன். தவறினால் முன்பற்கள் இருக்கும்வரை டிரம்பெட் ஊதிப் பிழைக்கலாம், அதன் பிறகு ஒன்றுமில்லை.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். படிவம் நிரப்புவது எனக்குப் பிடிக்கும். ஆதார், ரேஷன் அட்டை, புகைப்படம் இரண்டு என்று டிக் அடித்துக்கொண்டே வந்தேன். 'வேலை கொடுத்தவர் பெயர்' என்ற கட்டத்துக்கு அப்பாவின் நோட்டு இருந்தது. சாவு வீடுகளில் வாசிக்கும் பேண்டு செட்டில் அவர். நோட்டில் தேதி, பெயர், ஊர். அதிலிருந்த பதினோரு பெயரையும் அப்படியே படிவத்தில் ஏற்றினேன்.

மூன்றாம் நாள் ஆபீஸில் கூப்பிட்டார்கள். அங்கிருந்த கிளார்க் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"விசாரிச்சோம்மா. பதினோரு முதலாளியும் உசுரோட இல்ல. உங்கப்பா வேலைக்குப் போன வீட்டுல எல்லாம் முதலாளி காலி!"

அப்பா பதறினார். "நான் போறதுக்கு முன்னாடியே போயிட்டாகம்மா!"

ஊருக்குள் போய் வழி கேட்க இறந்தவர் பெயர்தான் உதவும். அதனால் பேண்டுக்காரர்கள் அதைத்தான் எழுதி வைப்பார்கள் என்று நான் விளக்கினேன்.

"சரி. உசுரோட ஒரு முதலாளி கையெழுத்து கொண்டாங்க."

அந்த வீடுகளுக்குப் போனோம். மூத்த மகன் இளையவரைக் காட்டினார். இளையவர் தாய்மாமனைக் காட்டினார். தாய்மாமன், "கையெழுத்துப் போட்டா பி.எஃப். கட்டச் சொல்லுவாகளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் அப்பாவுக்குச் செம்பட்டிப் பெரியவர் நினைவுக்கு வந்தார். மகன்களை நம்பாமல், தன் சாவுக்குத் தானே பேண்டு பேசி வைத்திருப்பவர். நாங்கள் போனபோது கத்தரித் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"ஏலே, அதுக்குள்ள வந்துட்டியா? இன்னும் சாகலப்பா."

"கையெழுத்துக்கு வந்தேண்ணே."

முழுதும் கேட்டுவிட்டு மண்வெட்டியைப் போட்டார். "போடுறேன். பென்சன் வந்துருச்சுன்னு வாசிக்க வராம இருந்துறாத."

"வாரேண்ணே."

"எப்ப?"

"நீங்க சொல்ற அன்னைக்கு."

மறுநாள் கிளார்க் அம்மா படிவத்தைப் புரட்டினார். "வேலை நாள் போடலயே?"

"அவர் இன்னும் சொல்லலைங்க மேடம்" என்றேன்.

சற்று யோசித்து, 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்று எழுதி முத்திரை குத்தினார். ஆனால் பென்ஷன் உத்தரவு வருவதற்குள் மறுபடி விசாரிப்பார்களாம். அப்போதும் வேலை கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டுமாம்.

உத்தரவு இன்னும் வரவில்லை. அப்பா வாரம் ஒருமுறை செம்பட்டிக்குப் பஸ் ஏறுகிறார். பெரியவர் பிரஷர் மாத்திரை போட்டாரா என்று பார்த்துவிட்டு, மண்வெட்டியை வாங்கித் தானே தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருகிறார்.